உங்கள் பிள்ளையின் கையில் இருப்பது என்ன?



பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஏற்படும் பயத்தைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன். இடையில் ஒரு சகோதரியின் கடிதம் வந்து சேர்ந்தது. கொப்பித் தாளில் முன்னும் பின்னுமாக நெருக்கி எழுதித் தபாலில் போட்டிருந்தார். இந்தக் காலத்தில் யார் தபாலில் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். "போனில் எழுதவே பயமாக இருக்கிறது, அதனால்தான் தாளில் எழுதுகிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாம் என்பது அவரது வேண்டுகோள். விடயத்தை எழுதுங்கள், மற்ற உம்மாமாரும் அறிந்துகொள்ளட்டும் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

கணவர் கட்டாரில் சாரதியாக இருக்கிறார். மூன்று பிள்ளைகள். மூத்தவன் மகன், வயது 14. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவன் மூன்றாம் வகுப்பு. ஆசிரியை பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியதும் வாப்பா காசு அனுப்பி ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். அந்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையிலும் மரத்திலும் ஏறிய காலம் அது. போன் இல்லாத பிள்ளைக்குப் படிப்பில்லை என்ற நிலைமை. பிறகு பாடசாலை திறந்தது, பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். போன் மட்டும் திரும்பி வரவில்லை. "கொடுத்ததை எப்போது திருப்பி வாங்குவது என்று அன்றைக்கு நாங்கள் பேசிக்கொள்ளவேயில்லை" என்று அந்தச் சகோதரி எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரிக்காகவே அவருடைய கடிதத்தைப் பலமுறை படித்தேன். எத்தனை வீடுகளின் கதை இது!

இவ்வருடம் ஒருநாள் சீட்டுக் காசு கட்டுவதற்காக அலுமாரியைத் திறந்திருக்கிறார். துணி மடிப்புக்குள் 18,000 ரூபா இருக்க வேண்டும். 6,000 தான் இருந்தது. வீட்டு வேலைக்கு உதவியாக வந்துபோகும் பெண்மீது சந்தேகம் விழுந்தது. கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே போய்விட்டாள், மறுநாள் வரவில்லை. வராததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, அக்கம் பக்கத்திலும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, இஷாவுக்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போன மகன் நெடுநேரம் இறங்கி வரவில்லை. இவர் ஏறிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "உம்மா, வாப்பாட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றானாம்.

நடந்தது இதுதான். விளையாட்டு ஒன்றுக்குள் ஒரு பெண்பிள்ளையின் பெயரில் பழக்கம் வந்திருக்கிறது. தானும் பத்தாம் வகுப்புத்தான் என்றாளாம். அங்கிருந்து இன்ஸ்டகிராமுக்கு, பிறகு வட்ஸ்அப்புக்கு. அவள் தன்னுடைய படம் என்று ஒன்றை அனுப்பினாள். இவனையும் கேட்டாள். வீடியோ அழைப்பில் வரச்சொன்னாள். இவன் சம்மதித்துவிட்டான். சில நிமிடங்கள்தான். அடுத்த செய்தி ஒரு ஆணிடமிருந்து வந்தது. எல்லாம் பதிவாகியிருக்கிறது, உன்னுடைய நண்பர்களின் பட்டியலும் என்னிடம் இருக்கிறது, உன் பாடசாலைக்கும் உன் மாமாவுக்கும் அனுப்புவேன், அனுப்பாமல் இருக்க வேண்டுமானால் காசு போடு. முதலில் 2,000 கேட்டான். கொடுத்ததும் 4,000 கேட்டான். பிறகு 6,000. அலுமாரியில் குறைந்த 12,000 அப்படித்தான் போயிருக்கிறது.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். நம்மில் பெரும்பாலானோர் போன் விடயத்தில் பெண்பிள்ளைகளைத்தான் காவல் காக்கிறோம். மகள் போனைத் தொட்டால் ஆயிரம் கேள்வி. மகன் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் "ஆம்பிளப் புள்ளதானே" என்று விட்டுவிடுகிறோம். பெண்பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆம் ஆண்டு கல்கிசையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தியை இணையத்தில் விளம்பரம் செய்து விற்ற வழக்கும், அதில் பெரிய மனிதர்கள் பலரும் கைதானதும் நாடே அறிந்த செய்தி. ஆனால் படத்தைக் காட்டிக் காசு பறிக்கும் இந்தக் குற்றத்தில் அதிகம் குறிவைக்கப்படுவது ஆண்பிள்ளைகள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 ஆம் ஆண்டு முதல் இதைப்பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. அவர்கள் சொல்லும் வயது 14 முதல் 17 வரை. இதைச் செய்கிறவர்கள் தனி ஆட்களாக இருப்பது குறைவு. ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்குத் தூண்டில் போடும் கூட்டங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இது தொழில். சொல்ல வேண்டிய வார்த்தைகள்கூட எழுதி வைத்தது போல ஒன்றாகவே இருக்கும். அந்நாடுகளில் இந்த வெட்கத்தைத் தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த பிள்ளையை அந்த உம்மா தேடிப்போனாரே, அதற்காக அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லுங்கள்.

அவர் முதலில் அடித்துவிட்டார். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அடித்துவிட்டு இவரும் அழுதிருக்கிறார். காலையில் தன் சகோதரரை அழைத்துச் சொன்னார். அவர் தந்த ஆலோசனை, போனை உடைத்து எறி, எல்லாவற்றையும் அழித்துவிடு, வெளியே மூச்சு விடாதே என்பது. கடிதத்தில் இலக்கம் தந்திருந்ததால் நான் அவரை அழைத்துப் பேசினேன். நல்லவேளையாகப் போன் இன்னும் உடைபடவில்லை.

நான் அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். இன்று உங்கள் வீட்டில் தேவைப்படாமல் இருக்கலாம். ஒருநாள் ஒரு சொந்தக்காரிக்குத் தேவைப்படும்.

முதலாவது, இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடங்கிவிடுவான் என்று நினைக்கிறோம். கொடுக்கிற வீடு இது என்றுதான் அவன் புரிந்துகொள்கிறான். அடுத்து, எதையும் அழிக்க வேண்டாம். வந்த மிரட்டல்கள், அந்தக் கணக்கின் பெயர், தொலைபேசி இலக்கம், காசு போட்ட ரசீது எல்லாவற்றையும் திரைப்படப்பிடிப்பாக, அதாவது ஸ்கிரீன்ஷொட்டாக எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகே அந்தக் கணக்கைத் தடைசெய்து, அந்தந்த நிறுவனத்துக்கு முறைப்பாடு செய்ய வேண்டும். அவனோடு வாதாடுவது, கெஞ்சுவது, சாபமிடுவது ஒன்றும் வேண்டாம். பிள்ளையின் படத்தை "ஆதாரத்துக்கு" என்று சொல்லிச் சாச்சாவுக்கும் மாமாவுக்கும் அனுப்புவது கூடவே கூடாது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. குற்றவாளி மிரட்டுகிறவன்தான். மிரட்டப்பட்ட பிள்ளை பாதிக்கப்பட்டவன். இதைப் பிள்ளைக்கு நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவன் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

பிறகு யாரை அழைப்பது? தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. இந்த அதிகாரசபை 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. 1929 க்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளையே அழைக்கலாம். பொலிஸ் திணைக்களத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்கு 109. கணக்குக் களவு போனது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு இலங்கை கணினி அவசர உதவிக் குழு இருக்கிறது, 101. பெண்களுக்கென்று ஹிதவதி என்ற பெயரில் எல்.கே. டொமைன் பதிவகம் நடத்தும் உதவிச் சேவையும் உண்டு. பொலிசுக்குப் போனால் மானம் போய்விடும் என்ற பயம் நம் வீடுகளில் இருப்பதை நான் அறியாதவள் அல்ல. அந்தப் பயத்தை நம்பித்தான் மிரட்டுகிறவனின் பிழைப்பே நடக்கிறது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது சிறப்புத்தான். பிள்ளையின் குறையை ஊருக்குச் சொல்லாமல் மறைப்போம். அநியாயக்காரனை மறைக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை.

இன்னொன்றையும் சொன்னேன், அவருக்கு அதுதான் மிகவும் ஆறுதலாக இருந்தது. 2023 ஆம் ஆண்டில் "டேக் இட் டவுன்" என்றொரு சேவை தொடங்கப்பட்டது. காணாமல் போன, துன்புறுத்தப்பட்ட சிறுவர்களுக்கான அமெரிக்காவின் தேசிய நிலையம் அதை நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், காசு இல்லை, பெயரும் கேட்கமாட்டார்கள். அங்கே படத்தை அனுப்புவதில்லை. படம் உங்கள் போனிலேயே இருக்கும். அந்தப் படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் இலக்கத்தை மட்டும் உருவாக்கி, பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். அதே கைரேகையுள்ள படம் அங்கே ஏற்றப்பட்டால் பிடித்து நீக்க அது உதவுகிறது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதே மாதிரி "ஸ்டொப் என்.சி.ஐ.ஐ." என்ற சேவை 2021 முதல் இருக்கிறது. வட்ஸ்அப்பில் ஒருவர் மற்றவருக்குத் தனியாக அனுப்பும் செய்திகளுக்குள் இவற்றால் நுழைய முடியாது என்பதையும் அறிந்திருங்கள்.

சரி, இது தீ பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றுவது. தீ பிடிக்காமல் பார்ப்பது எப்படி?

இந்தப் பக்கத்தைப் பலகாலமாகப் படித்து வரும் சகோதரிகளுக்கு நினைவிருக்கும், வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வந்த காலத்தில் நாம் எவ்வளவு பயந்தோம் என்று. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பெட்டி கூடத்தின் நடுவில் எல்லோருக்கும் முகம் காட்டிக்கொண்டு நின்றது. கூடாத கசட் எடுக்க வேண்டுமானால் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரருக்கு வாப்பாவைத் தெரியும். அஸருக்குப் பள்ளியில் சந்திக்கும்போது சொல்லிவிடுவார். அதுவே ஒரு வேலியாக இருந்தது. இன்று நாம் பிள்ளையின் கையில் கொடுத்திருப்பதில் கடைக்காரரும் இல்லை, கூடமும் இல்லை. அங்கே போய்ப் பார்ப்பது மட்டுமல்ல, அங்கிருந்து யாரும் நம் வீட்டுக்குள் வரவும் முடியும்.

ஸூரத்துந் நூரில் மூன்று நேரங்களைப் பற்றி அல்லாஹ் சொல்லித் தந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். ஸுபஹுக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரம், இஷாவுக்குப் பின். இந்த மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சின்னஞ் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் நுழைய வேண்டும். சொந்தப் பிள்ளைக்கே இந்தக் கட்டுப்பாடு. நாமோ அதே நேரங்களில், அதே படுக்கையறைக்குள், கெமராவுடன் கூடிய ஒரு போனைப் பிள்ளையின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். ஊர் பேர் தெரியாதவன் ஸலாமும் சொல்லாமல், அனுமதியும் கேட்காமல் உள்ளே வருகிறான். அந்த மகனுக்கு நடந்த எல்லாமே இஷாவுக்குப் பின்னர்தான் நடந்திருக்கிறது.

ஆகவே என்னுடைய முதல் சட்டம் இது. இஷாவுக்குப் பிறகு வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் கூடத்தில் ஓரிடத்தில் சார்ஜ் ஏற வேண்டும். எல்லாம் என்றால் உம்மாவின் போனும்தான். நாம் கட்டிலில் படுத்துக்கொண்டு நாடகம் பார்த்தால் பிள்ளை நம் பேச்சைக் கேட்கமாட்டான். ஸுபஹுக்கு எழுப்ப அலாரம் வேண்டுமே என்று சாக்குச் சொல்வார்கள். ஒரு சின்ன மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள், பெரிய விலையில்லை.

வயது பற்றியும் ஒரு வார்த்தை. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் நமது நாட்டில் குறைந்த வயது 13. பதின்மூன்று வயதில் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிடும் என்று யாரோ அறிஞர்கள் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விபரங்களைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் சேகரிக்கக் கூடாதென்று அமெரிக்காவில் 1998 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அந்தத் தொல்லையே வேண்டாமென்று நிறுவனங்கள் போட்டுக்கொண்ட எல்லைதான் இந்த 13. அதுவே போதாதென்று அவுஸ்திரேலியா 2024 ஆம் ஆண்டு சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இத்தகைய தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது.

நம் வீட்டுக்கு வருவோம். பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் திறக்கும்போது பிறந்த ஆண்டை 2000 என்று போட்டுக் கொடுத்தது யார்? பல வீடுகளில் நாமேதான், அல்லது விடுமுறைக்கு வந்த மாமா. பொய் சொல்லாதே என்று மத்ரஸாவுக்கு அனுப்புகிறோம். பிள்ளை இணையத்தில் வைக்கும் முதல் அடியே பொய்யாக இருக்கிறது. இதில் உலக நஷ்டமும் இருக்கிறது. டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனிச்செய்தி வராது, அவர்களின் கணக்கு தொடக்கத்தில் மற்றவர்களுக்கு மூடியே இருக்கும். இன்ஸ்டகிராமில் 2024 முதல் பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்கு முறை வந்திருக்கிறது. அறிமுகமில்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் குறைந்தவர்கள் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளை 2000 ஆம் ஆண்டு பிறந்தவன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வேலிகள் எல்லாம் விலகிவிடுகின்றன. அவன் வளர்ந்த ஆண், அவனுக்கு எதுவும் காட்டலாம், யாரும் எழுதலாம். இன்றே அந்தத் திகதியைப் பாருங்கள். பொய்யாக இருந்தால் திருத்துங்கள். 13 ஆகவில்லையென்றால் கணக்கையே மூடுங்கள்.

வட்ஸ்அப்பில் செய்ய வேண்டியது சிறிய வேலை. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போனால், பிள்ளையை யார் குழுக்களில் சேர்க்கலாம் என்ற இடம் இருக்கும். அதைத் தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். முகப்புப் படத்தையும் அப்படியே. அதே இடத்தில் அறியாத இலக்கங்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலிக்காமல் ஆக்கும் வசதியும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அன்ட்ரொயிட் போன் கொடுப்பதாயின் கூகுளின் "ஃபெமிலி லிங்க்" என்ற இலவச வசதியைப் பொருத்துங்கள். பிள்ளை புதிதாக எதை இறக்கினாலும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும், இரவு இத்தனை மணிக்குப் பூட்டு என்று நீங்களே வைக்கலாம். விளங்கவில்லையென்றால் உங்கள் மூத்த மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சோறு ஊட்டுவதற்காக யூடியூபைப் போட்டுக் கைக்குழந்தை முன்னால் வைப்பவர்களுக்கு ஒன்று மட்டும். 2017 ஆம் ஆண்டில், பிள்ளைகள் விரும்பும் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்தே அருவருப்பான, வன்முறையான வீடியோக்கள் ஏராளமாகச் செய்து விடப்பட்டிருந்தது வெளிவந்து பெரிய சர்ச்சையாயிற்று. கார்ட்டூன் என்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம்.

இவ்வளவையும் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா? இல்லை. வேலி போடுவது சுலபம். பிள்ளை அடுத்த வீட்டுப் போனில் பார்ப்பான், வகுப்புத் தோழனின் போனில் இன்னொரு கணக்குத் திறப்பான். இங்கேதான் ஒரு சகோதரி சில மாதங்களுக்கு முன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிள்ளை தூங்கிய பிறகு அவனுடைய போனை எடுத்துப் பார்க்கலாமா, துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுத்திருக்கிறானே என்று கேட்டிருந்தார். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் உம்மா என்ற முறையில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் கையிலிருப்பது அவனுடைய போன் அல்ல, உங்களுடையது. அதைப் பார்ப்பது உளவும் அல்ல, உங்கள் பொறுப்பு. 13, 14 வயதில் போன் கொடுக்கும் அன்றே "உம்மா கேட்டால் எப்போதும் திறந்து காட்ட வேண்டும், அந்த ஒப்பந்தத்தில்தான் தாரேன் மகன்" என்று சொல்லிக் கொடுங்கள். அவன் அறியப் பாருங்கள், அவன் பக்கத்தில் இருந்து பாருங்கள். களவாகப் பார்க்கிற உம்மாவிடம் பிள்ளை கற்றுக்கொள்வது களவாக மறைப்பதைத்தான். வளர வளரக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். 17 வயது மகளின் தோழி அவளுக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் வாசிக்கும் உரிமை நமக்கு இருக்கிறதென்று எனக்குத் தோன்றவில்லை. உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்று வலுவான அறிகுறி தெரிந்தால் அது வேறு கதை. தூக்கமில்லாமை, சாப்பாடு இறங்காமை, போன் ஒலித்தால் திடுக்கிடுவது, வீட்டில் காசு குறைவது, நீங்கள் அறைக்குள் போனதும் திரையைக் கவிழ்ப்பது போன்றவை அறிகுறிகள். அந்த மகனிடம் இவற்றில் நான்கு இருந்தன, பரீட்சைப் பயம் என்று நினைத்ததாக உம்மா எழுதியிருக்கிறார்.

யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றை நாம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! அது எங்கே தொடங்குகிறது? ஒரு சிறுவர் தான் கண்டதைத் தன் தந்தையிடம் வந்து சொல்வதில் தொடங்குகிறது. விசித்திரமான கனவு அது. தந்தை சிரிக்கவில்லை, அதட்டவுமில்லை. செல்லமாக அழைத்து, இதை உன் சகோதரர்களிடம் சொல்லிவிடாதே என்று சொன்னார்கள். ஏன் சொல்லக் கூடாது என்ற காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள். யாரிடம் எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது, ஏன் என்பதை ஒரு தந்தை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் இடம் இது. இன்று பிள்ளையின் இணையப் பாதுகாப்புப் பற்றி எவ்வளவோ எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டியது, பிள்ளை வந்து சொல்லக்கூடிய ஓர் இடம். நம் பிள்ளைகள் நம்மிடம் சொல்வார்களா? "வாப்பாட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்ற அந்தச் சொல் என் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கடல் கடந்து நமக்காக வெயிலில் உழைக்கும் மனிதரை, "இரு, வாப்பாட்ட சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லியே நாம் பிள்ளைக்குப் பூச்சாண்டியாக்கி விட்டோம். அவரும் பாவம், வெள்ளிக்கிழமை அழைப்பில் "தொழுதியா, படிச்சியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். இந்த வாரம் அவரிடம் சொல்லுங்கள், என்ன விளையாட்டு விளையாடுறே, யாரோட விளையாடுறே, எனக்கும் சொல்லித்தா என்று கேட்கும்படி.

நம்முடைய கையையும் கொஞ்சம் பார்ப்போம். மகளின் கத்முல் குர்ஆன் வைபவம், மகனின் பாடசாலைச் சின்னம் தெரியும் சீருடைப் படம், பிறந்த திகதி, வீட்டு வாசல், எல்லாம் நம்முடைய ஸ்டேடஸில் ஊர்வலம் போகின்றன. இப்போது வெறும் முகப்படம் ஒன்று கிடைத்தால் போதும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு ஆபாசப் படமாக மாற்றிவிடுகிறார்கள். பிள்ளை எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. அப்படியொரு படம் வந்தால் அதை நம்பி மகளை அடிக்கத் தொடங்கும் வீடுகளும் இருக்கும் என்பதுதான் என்னுடைய பெரிய பயம்.

வதந்திகளையும் அப்படித்தான். 2018, 2019 இல் "மோமோ" என்ற கோர முகம் வட்ஸ்அப்பில் வந்து பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று உலகமெல்லாம் உம்மாமார் பதறிப் பதறி அனுப்பினார்கள். நமக்கும் வந்தது, நாமும் அனுப்பினோம். அந்த முகம் 2016 இல் டோக்கியோவில் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்ட ஜப்பானியச் சிற்பம். சவால் என்று சொன்னதெல்லாம் புரளி என்று பிறகு தெரிந்தது. பேயைத் தேடி ஓடினோம், விளையாட்டுக்குள்ளே சிநேகிதியாக வந்தவனை விட்டுவிட்டோம்.

அந்தச் சகோதரி சென்ற வாரம் மீண்டும் பேசினார். 1929 க்கு அழைத்து முறைப்பாட்டைப் பதிந்திருக்கிறார். தடைசெய்த பிறகு மிரட்டல் வேறொரு இலக்கத்திலிருந்து இரண்டு தடவை வந்ததாம், பதில் கொடுக்கவில்லை, பிறகு நின்றுவிட்டது. படம் யாருக்கும் போனதாக இதுவரை தெரியவில்லை. கணவரிடம் அவரே சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை என்றார். பிறகு "போனை மகன்ட குடு" என்றாராம். என்ன பேசினார்கள் என்று உம்மாவுக்குத் தெரியாது. மகன் அறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்து, அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டானாம்.

வேலைக்கு வந்துபோன அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இருவருமாகப் போயிருக்கிறார்கள். வழியில் மகன் "உம்மா, நான்தான் எடுத்தேன் என்று நானே சொல்றேன்" என்றானாம். அவன் சொன்னான். இவர் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார், சந்தேகத்தைச் சொல்லி வைத்த அந்த இரண்டு வீடுகளுக்கும் போய்த் தான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.